எஃகு மில்லிங்: கூலண்ட் ஊற்றுவதா, காற்று அடிப்பதா?

இயந்திரக்கூட வேலை குறித்து வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் அளித்து வருகிறோம். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தை, அதாவது சுழலும் கட்டரால் எஃகை வெட்டும் மில்லிங் வேலையில் கூலண்ட் (வெட்டுமிடத்தைக் குளிர்விக்கும் எண்ணெய்-நீர்க் கலவை) ஊற்றுவதா, காற்று மட்டும் அடிப்பதா என்பதைச் சுற்றியிருந்ததால், முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒரே ஒரு விஎம்சியை (கணினிக் கட்டளையில் ஓடும் செங்குத்து மில்லிங் மெஷினை) வைத்து ஜாப் ஒர்க் செய்து வருகிறேன். ஈஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) பிளேட்டுகளை, ஐந்து இன்சர்ட் (கழற்றி மாற்றக்கூடிய வெட்டுத் துண்டு) கொண்ட 50 மிமீ ஃபேஸ் மில்லில் (மேற்பரப்பைச் சமமாக்கும் கட்டரில்) ஓட்டுகிறேன். கூலண்ட் தாராளமாகவே பாய்கிறது. ஆனாலும் இன்சர்ட்டின் முனை தேய்வதற்கு முன்பே பொரிந்து போகிறது. டூல் விற்பனைப் பிரதிநிதி, கூலண்டை நிறுத்திவிட்டு ஏர் மட்டும் போடச் சொல்கிறார். வாழ்நாள் முழுவதும் லேத்தில் நின்ற என் தந்தையோ, கூலண்ட் இல்லாமல் இரும்பை வெட்டினால் டூல் நிற்காது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், கணபதி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் வேலைக்குப் பிரதிநிதி சொன்னதே பொருந்தும். தந்தையாரின் அனுபவம் லேத்தில் கிடைத்தது. அங்கே அது இன்றும் செல்லும். அமெரிக்காவின் மிட்வேல் எஃகு ஆலையில் ஃபிரெடெரிக் டெய்லர் 1880களின் தொடக்கத்தில் செய்த சோதனைகளிலேயே, வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சினால் வெட்டுவேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை கூட்டலாம் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அது எஃகு டூலைக் கொண்டு செய்த டர்னிங் வேலை, அதாவது லேத்தில் ஜாபைச் சுழற்றி வெட்டும் வேலை, என்பதைக் கவனிக்க வேண்டும். டர்னிங்கில் டூல் ஒருமுறை வெட்டில் இறங்கினால் அந்த வெட்டு முடியும்வரை வெளியே வருவதில்லை. ஆகவே கூலண்ட் அதை ஒரே சீராகக் குளிர்வித்துக்கொண்டிருக்க முடிகிறது.

மில்லிங்கில் நடப்பது வேறு. உங்கள் 50 மிமீ கட்டரை நிமிடத்திற்கு 200 மீட்டர் வெட்டுவேகத்தில் ஓட்டினால் ஸ்பிண்டில் சுமார் 1,270 ஆர்பிஎம்மில் சுழலும். அதாவது ஒவ்வொரு இன்சர்ட்டும் ஒரு விநாடிக்குள் 21 முறை எஃகுக்குள் புகுந்து, 21 முறை வெளியே வருகிறது. உள்ளே இருக்கும் நேரத்தில் அதன் முனை பல நூறு டிகிரிக்குச் சூடேறுகிறது. வெளியே வந்த கணமே சுமார் 30 டிகிரியில் இருக்கும் கூலண்ட் அதன்மேல் பாய்கிறது. பத்து நிமிட ஓட்டத்தில் இது 12,700 முறை நிகழ்கிறது. இன்சர்ட் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளால் ஆனது. அது வெப்பத்தை நன்றாகத் தாங்கும். வெப்பம் இப்படி ஏறி இறங்குவதைத்தான் அதனால் தாங்க முடியாது. காற்று மட்டும் அடிக்கும்போதும் முனை வெளியே வந்ததும் ஓரளவு ஆறத்தான் செய்யும், ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தின் அளவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இதை நீங்கள் கண்ணாலேயே சரிபார்க்கலாம். பொரிய ஆரம்பித்திருக்கும், ஆனால் இன்னும் முழுவதும் உடையாத ஓர் இன்சர்ட்டைக் கழற்றித் துடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் பாருங்கள். வெட்டு விளிம்புக்குச் செங்குத்தாக, ஏறத்தாழ சம இடைவெளியில், சீப்பின் பற்களைப் போல வரிசையாக மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அவை வெப்ப விரிசல்கள். அப்படிப்பட்ட இரண்டு விரிசல்களுக்கு நடுவே இருக்கும் துண்டு பெயர்ந்து விழுவதைத்தான் நீங்கள் பொரிவதாகப் பார்க்கிறீர்கள். அந்தக் கீறல்கள் இல்லாமலேயே முனை உடைந்திருந்தால் கூலண்டைக் குறை சொல்லிப் பயனில்லை; இன்சர்ட் உட்காரும் இடத்தில் அழுக்கு இருக்கிறதா, திருகு தளர்ந்திருக்கிறதா, பிளேட் வைஸில் அதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ் கட்டிங் செய்து வந்த பிளேட்டாக இருந்தால் அதன் ஓரம் வெப்பத்தால் கடினமேறியிருக்கும். முதல் வெட்டிலேயே இன்சர்ட்டை உடைக்க அது ஒன்றே போதும்.

கூலண்ட் இல்லாவிட்டால் அந்தச் சூடெல்லாம் எங்கே போகும் என்று தந்தையார் கேட்பார். நியாயமான கேள்வி. சரியான வேகத்திலும் ஃபீடிலும் (கட்டர் ஜாபில் முன்னேறும் வேகத்திலும்) வெட்டினால் வெப்பத்தின் பெரும்பகுதி சிப்ஸோடு (வெட்டுப்பட்டு விழும் உலோகச் சீவல்களோடு) போய்விடுகிறது. ஃபேஸ் மில்லிங்கில் விழும் சிப்ஸ் பழுப்பாகவோ நீலமாகவோ இருக்க, பிளேட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக மட்டும் இருப்பது இதனால்தான். அலுமினியம் கலந்த டைட்டானியம் நைட்ரைடு பூச்சுள்ள இன்சர்ட்டுகள் இந்தச் சூட்டுக்காகவே உருவானவை. சூடேறும்போது பூச்சின் மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, அடியில் இருக்கும் கார்பைடைக் காக்கிறது. ஆகவே, கூலண்டை நிறுத்தும்போது பயந்துகொண்டு வேகத்தையும் சேர்த்துக் குறைப்பது பலர் செய்யும் தவறு. வேகம் மிகக் குறைந்தால் எஃகு முனையில் ஒட்டத் தொடங்கும். ஒட்டியது பெயரும்போது பூச்சையும் பெயர்த்துக்கொண்டு போகும். இன்சர்ட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேக வரம்பிலேயே ஓட்டுங்கள்.

சோதித்துப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்து இன்சர்ட்டுகளையும் புது முனைக்குத் திருப்பி, கூலண்டுடன் எத்தனை பிளேட் வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு மீண்டும் புது முனைக்குத் திருப்பி, அதே வேகம், அதே ஃபீடு, அதே ஆழத்தில் ஏர் மட்டும் போட்டு எண்ணுங்கள். அந்தக் கணக்கைத் தந்தையாரிடம் காட்டினால் அவரே முடிவு சொல்லிவிடுவார்.

இன்னொன்றையும் ஆபரேட்டரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். ஏரில் ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தம் சற்று மாறினால், கை தானாகக் கூலண்ட் பட்டனுக்குப் போகும். சூடேறி நிற்கும் இன்சர்ட்டின் மேல் நடுவெட்டில் கூலண்டைத் திறப்பதைவிடக் கெட்ட செயல் எதுவும் இல்லை. அதேபோல, நாஸில் திசை மாறிக் கூலண்ட் விட்டு விட்டுப் படுவதும் கெடுதல். ஊற்றினால் வெட்டு தொடங்கும் முன்பிருந்தே இடைவிடாமல் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் ஒரு சொட்டும் படக்கூடாது. மெஷினின் அடித்தளத்தில் சேரும் சிப்ஸைக் கழுவித் தள்ளத் தனியாகக் கூலண்ட் லைன் இருந்தால் அதை ஓடவிடலாம். அது கட்டரில் தெறிக்காத வரை தொந்தரவில்லை.

கேள்வி: பி20 எஃகில் (அச்சுகள் செய்யும் எஃகில்) 40 மிமீ ஆழமுள்ள பாக்கெட்டுகளை (குழிகளை) 10 மிமீ நான்கு ஃபுளூட் (சிப்ஸ் வெளியேறும் சுருள் பள்ளம்) கார்பைடு எண்ட் மில்லில் எடுக்கிறோம். ஏர் போட்டபோது மேல் பகுதி மிக நன்றாக ஓடியது. பாதி ஆழத்தைத் தாண்டியதும் மூலைகளில் டூல் உடைகிறது. கூலண்டுக்கே திரும்பிவிடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: அவசரப்பட வேண்டாம். உங்கள் டூலை உடைப்பது பெரும்பாலும் சூடாக இருக்காது. வெளியேறாத சிப்ஸாகத்தான் இருக்கும். வெட்டுப்பட்ட சிப்ஸ், தான் வந்த எஃகைவிடக் கடினமாகிவிடுகிறது. அது பாக்கெட்டுக்குள்ளேயே கிடந்தால் ஃபுளூட்டுக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டு மறுபடியும் வெட்டுப்படுகிறது. அடுத்த முறை பாதி ஆழத்தில் மெஷினை நிறுத்திப் பாக்கெட்டின் தரையைப் பாருங்கள். நசுங்கித் தட்டையான சிப்ஸும், தரையில் ஒழுங்கற்ற பதிவுகளும் தெரிந்தால் நோய் இதுதான்.

மில்லிங்கில் காற்று டூலைக் குளிர்விக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காற்று வெப்பத்தைச் சுமந்து செல்லும் திறன் மிகக் குறைவு. அதன் வேலை சிப்ஸைத் தள்ளுவது. அந்த வேலையைச் செய்யவில்லை என்றால் காற்று இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். எனவே முதலில் நாஸிலில் உண்மையில் எவ்வளவு காற்று வருகிறது என்று பார்க்க வேண்டும். கம்ப்ரசர் டேங்கின் கேஜில் 6 பார் காட்டுவதைப் பார்த்து நிறைவடையக் கூடாது. 6 பாரில் திறந்திருக்கும் ஒரு 3 மிமீ துளை நிமிடத்திற்குச் சுமார் 500 லிட்டர் காற்றைக் குடிக்கும். சிறு கூடங்களில் இருக்கும் 5 எச்பி கம்ப்ரசரின் முழு உற்பத்தியே ஏறக்குறைய அவ்வளவுதான். அதே லைனில் டூல் சேஞ்சரும், இன்னொரு மெஷினும், துடைக்கும் ஏர் கன்னும் இருந்தால், ஆழத்தில் காற்று தேவைப்படும் நேரத்தில் அழுத்தம் பாதியாக விழுந்திருக்கும். மெஷினுக்கு அருகில் ஒரு கேஜைப் பொருத்தி, வெட்டு ஓடும்போது படித்துப் பாருங்கள். 2 மிமீ நாஸிலுக்கு மாறினால் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். அதைச் சரியான இடத்தில் குறிவைத்தால் அதுவே போதும்.

குறிவைப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பிளாஸ்டிக் இணைப்புக் குழாய் காற்றின் உதைப்பிலேயே மெல்லத் திசை மாறிவிடும். வளைத்த செம்புக் குழாய் அசையாது. பாக்கெட் ஆழமாக ஆக, மேலே இருந்து சாய்வாக வரும் காற்று சுவரின் விளிம்பிலேயே முட்டி நின்றுவிடுகிறது. இரண்டு நாஸில்களை எதிரெதிர்ப் பக்கத்தில், கூடிய வரை செங்குத்தாக, டூலின் நுனியைப் பார்த்து வையுங்கள். ஸ்பிண்டில் வழியாகவே காற்று வரும் வசதி உங்கள் மெஷினில் இருந்தால் ஆழமான பாக்கெட்டுக்கு அதற்கு இணையானது வேறில்லை.

புரோகிராமையும் பார்க்க வேண்டும். பாக்கெட்டின் மூலை ஆரம் 5 மிமீயாக இருந்து அதை 10 மிமீ டூலிலேயே எடுத்தால், மூலையில் டூலின் கால்வாசிச் சுற்று முழுவதும் எஃகில் சிக்கிக்கொள்கிறது. சுமை திடீரென ஏறுகிறது, சிப்ஸ் வெளியேற வழியும் அடைபடுகிறது. மூலைகளை 8 மிமீ டூலில் தனியாக எடுப்பது நல்லது. அகலம் குறைவாக, ஆழம் அதிகமாக, வட்டம் வட்டமாக நகரும் டிரோகாய்டல் பாதையில் ஓட்டினால் சிப்ஸ் மெல்லியதாகவும் இருக்கும், காற்று உள்ளே போகவும் இடம் கிடைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் சிப்ஸ் உள்ளேயே தேங்கினால், தயங்காமல் கூலண்டைத் திறந்துவிடுங்கள். வெப்ப விரிசலால் டூல் ஆயுள் கொஞ்சம் குறையலாம். மறுவெட்டினால் டூல் உடைந்து, அதன் துண்டு ஜாபுக்குள் சிக்குவதோடு ஒப்பிட்டால் அந்த நட்டம் சிறியது.

கேள்வி: எஸ்எஸ் 304 (ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஃபிளாஞ்சுகளின் ஓரங்களை 12 மிமீ கார்பைடு எண்ட் மில்லில் முடிக்கிறோம். ஈஎன்8க்கு ஏர் நன்றாக வேலை செய்ததால் இதற்கும் அப்படியே செய்தோம். முனையில் உலோகம் ஒட்டி, பினிஷ் கிழிந்தாற்போல வருகிறது. எங்கே தவறு?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ஈஎன்8க்குப் பொருந்தியதை 304க்குக் கொண்டுபோனதுதான் தவறு. சாதாரணக் கார்பன் எஃகு வெப்பத்தைக் கடத்தும் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 304க்கு உண்டு. ஆகவே வெட்டுமிடத்தில் எழும் சூடு ஜாபுக்குள் பரவாமல் முனையிலேயே தங்குகிறது. போதாக்குறைக்கு அது ஒட்டும் குணமும், தேய்க்கத் தேய்க்கக் கடினமேறும் குணமும் கொண்டது. பெரிய ஃபேஸ் மில்லில் ரஃபிங் (முதல் கரடு வெட்டு) செய்யும்போது 304ஐக்கூட ஏரில் ஓட்டுபவர்கள் உண்டு. ஆனால் நீங்கள் செய்வது எண்ட் மில்லில் பினிஷிங். இங்கே கூலண்ட் வேண்டும். குளிர்ச்சிக்காக மட்டுமன்று, அதிலுள்ள எண்ணெய் தரும் வழுக்கலுக்காகவும்.

அப்படியானால் கூலண்ட் உண்மையில் கூலண்டாக இருக்க வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகிக் கலவை கெட்டியாவதும், ஆவியாகிறதே என்று வெறும் தண்ணீரையே ஊற்றி ஊற்றிக் கலவை நீர்த்துப்போவதும் எல்லாக் கூடங்களிலும் நடப்பவை. ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் செறிவைப் பார்க்கும் சிறு கருவியில்) ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, வரும் எண்ணை எண்ணெய் டின்னில் கொடுத்திருக்கும் காரணியால் பெருக்கினால் செறிவு தெரிந்துவிடும். 304 பினிஷிங்குக்கு 8 முதல் 10 சதவீதம் வரை வைத்துக்கொள்ளுங்கள். கலக்கும்போது தண்ணீரில் எண்ணெயை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் கலவை சரியாகப் பாலாகாது. உப்பு மிகுந்த போர் தண்ணீரில் கலந்தால் மேலே ஆடை படிவதும் மெஷின் துருப்பிடிப்பதும் நேரும். ஆகவே கூலண்டுக்கு ஆர்ஓ தண்ணீர் செலவிடுவதை வீண் என்று நினைக்காதீர்கள்.

கூடவே, பினிஷ் நன்றாக வரட்டும் என்று ஃபீடை மிகவும் குறைத்துவிடாதீர்கள். வெட்டாமல் தேய்க்கும் டூல் 304இன் மேற்பரப்பைக் கடினமாக்கிவிட்டு, அடுத்த சுற்றில் அந்தக் கடினத் தோலையே வெட்ட நேரிடும்.

கேள்வி: எங்கள் பாலிடெக்னிக் பணிமனையில் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டர்கள்தான் உள்ளன. எஃகுக்குக் கூலண்ட் தேவையில்லை, காற்றே சிறந்தது என்று இணையக் காணொளிகளில் சொல்கிறார்கள். நாங்களும் நிறுத்திவிடலாமா?
– மாணவர், திருச்சிராப்பள்ளி

பதில்: கூடாது. நீங்கள் கேட்டது கார்பைடுக்கான அறிவுரை. எச்எஸ்எஸ் சுமார் 600 டிகிரியைத் தாண்டினால் கடினத்தை இழந்து மழுங்கிவிடும்; ஆனால் திடீர்க் குளிர்ச்சியைக் கார்பைடைவிட நன்றாகத் தாங்கும். இரண்டு குணங்களும் கூலண்டுக்கே சாதகமானவை. மென் எஃகில் நிமிடத்திற்கு 25 முதல் 30 மீட்டர் வேகத்தில், கூலண்ட் போட்டே ஓட்டுங்கள்.

இதையொட்டி விஎம்சி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே செட்டிங்கில் ஃபேஸ் மில்லும், டிரில்லும், மரை வெட்டும் டேப்பும் வரும். டிரில்லும் டேப்பும் துளைக்குள்ளேயே இருந்து வேலை செய்பவை. அவற்றுக்குக் கூலண்ட் வேண்டும். கூலண்டைத் திறக்கும் எம்08 கட்டளையைப் புரோகிராமின் தொடக்கத்தில் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடாமல், டூலுக்கு டூல் தனியாகத் தீர்மானியுங்கள். ஏரில் ஓட வேண்டிய மில்லிங் வேலைகளை முதலில் முடித்துவிட்டுப் பிறகு துளையிடும்படி வரிசையை அமையுங்கள். துளையிட்ட பின் ஃபேஸ் மில் வந்தால், துளைகளிலும் பள்ளங்களிலும் தேங்கிய கூலண்டின் மேல் சூடான இன்சர்ட் போய் இறங்கும். ஏர் போட்டும் இன்சர்ட் பொரிகிறதே என்று பிறகு குழம்ப நேரிடும்.

கேள்வி: 300 மிமீ நீளமுள்ள ஈஎன்24 (ஒரு கலப்பு எஃகு) பிளாக்குகளை ஏரில் முடித்து மெஷினிலேயே அளந்தால் அளவு சரியாக இருக்கிறது. மறுநாள் காலை தரக்கட்டுப்பாட்டில் நீளம் 4, 5 நூறில் (0.04, 0.05 மிமீ) குறைகிறது. மெஷின் கெட்டுவிட்டதா?
– வாசகர், சேலம்

பதில்: மெஷினில் குறையில்லை. எஃகு ஒரு டிகிரி சூடேறினால் மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும். உங்கள் 300 மிமீ பிளாக் அளக்கும்போது அறையைவிட 15 டிகிரி சூடாக இருந்திருந்தால் 54 மைக்ரான் நீண்டிருக்கும். மறுநாள் காணாமல் போனது அதுவே. ரஃபிங்கை ஏரில் முடித்து, பினிஷுக்கு 0.3 மிமீ விட்டு, பிளாக்கை ஆறவிட்டுப் பிறகு பினிஷ் செய்யுங்கள். ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை, அளவும் நெருக்கமானது என்றால், பினிஷ் வெட்டைக் கூலண்டில் செய்யலாம். பினிஷில் வெட்டு மெல்லியது, எழும் சூடும் குறைவு என்பதால் அங்கே வெப்ப விரிசலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. டேபிளில் சூடான சிப்ஸ் குவிந்து கிடந்தாலும் ஜாபும் வைஸும் சேர்ந்தே சூடேறும். அவற்றை அவ்வப்போது வாரிவிடுங்கள்.

கேள்வி: நான் ஆபரேட்டர். எங்கள் கூடத்தில் கூலண்டை நிறுத்திவிட்டு ஏருக்கு மாறிவருகிறார்கள். கையில் இருந்த அரிப்பு குறைந்திருக்கிறது. ஆனால் சத்தம் தாங்கவில்லை, சிப்ஸ் எங்கும் பறக்கிறது. எதைக் கேட்டு வாங்குவது?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: நீங்கள் கேட்பது சலுகை அன்று; மாற்றத்தோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டியவற்றைத்தான் கேட்கிறீர்கள். முதலில் கதவு. ஏரில் ஓடும்போது மெஷின் கதவு மூடியே இருக்க வேண்டும். கதவில்லாத மெஷின் என்றால் தடுப்புத் தகடு போட்ட பிறகே ஏர். பக்கங்களும் மூடிய கண்ணாடியும், காதடைப்பானும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தர வேண்டும். சத்தத்தின் பெரும்பகுதி வெட்டும்போது எழுவதன்று, தேவையில்லாதபோதும் திறந்தே கிடக்கும் காற்றிலிருந்து வருவது. டூல் வெட்டில் இருக்கும்போது மட்டும் காற்று திறக்கும்படி புரோகிராமிலேயே கட்டளை கொடுத்துவிட்டால் காதுக்கும் மின்கட்டணத்துக்கும் நல்லது. ஏர் கன்னால் உடையையோ உடம்பையோ யாரும் துடைக்கக் கூடாது.

சூடான சிப்ஸ் விழும் தொட்டியில் எண்ணெய் தோய்ந்த வேஸ்ட் துணியைப் போடுவது தீயை அழைப்பதற்குச் சமம். அதற்கு மூடியுள்ள தனித் தொட்டி வைக்கச் சொல்லுங்கள். கம்ப்ரசர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் காலையில் வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றோடு தண்ணீரும் வந்து ஜாப் துருப்பிடிக்கும். உலர்ந்த நிலையில் முடித்த எஃகின் மேல் கூலண்ட் விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம் இருக்காது என்பதால், கழற்றிய கையோடு துருத்தடுப்பு எண்ணெய் பூசும் பழக்கமும் வேண்டும்.

உங்கள் நிர்வாகம் அடுத்த படியாக எம்க்யூஎல் முறைக்குப் போகலாம். அதாவது காற்றோடு சேர்த்து, மணிக்கு 10 முதல் 50 மில்லி வரை மட்டும் எண்ணெயைப் பனியாகத் தெளிப்பது. டூலுக்கு அது நல்லதுதான், ஆனால் அந்தப் பனி கண்ணுக்குத் தெரியாமல் மூச்சில் போகும். மூடிய மெஷினும், பனியை உறிஞ்சும் கருவியும் இல்லாமல் அதைத் தொடங்க விடாதீர்கள்.

டேங்கில் மிச்சமிருக்கும் பழைய கூலண்டையும் கவனிக்க வேண்டும். ஓடாமல் தேங்கிய கூலண்ட் சில வாரங்களில் அழுகி நாறும். பிறகு டிரில்லுக்காகத் திறக்கும்போது உங்கள் கையில் படுவது அதுதான், அரிப்பும் திரும்பி வரும். ஒன்று, துளையிடும் வேலைக்காக அதைத் தினமும் ஓடவிட்டு, மேலே மிதக்கும் ஸ்லைடு எண்ணெயை (மெஷினின் நகரும் பாகங்களுக்கு இடும் எண்ணெயை) வழித்தெடுத்துப் பராமரிக்க வேண்டும். அல்லது முழுவதும் இறைத்து, டேங்கைக் கழுவி, பழையதைச் சாக்கடையில் கொட்டாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற கழிவு எடுப்பவரிடம் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும்.